பார்வை குறைந்த மகளின் வேலைத் தேர்வு குறித்து

வணக்கம் அம்மா. பி.காம். இறுதியாண்டில் படிக்கும், பார்வை குறைந்த தங்கள் மகள், கணக்கு வேலை தனக்கு ஒத்துவராது என்று ஆர்வமே இழந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அது உண்மையான விருப்பமின்மையா, செய்து பார்க்க வாய்ப்பே கிடைக்காததால் வந்த தயக்கமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். லென்ட், பிரவுன், ஹாக்கெட் ஆகியோர் 1994இல் முன்வைத்த சமூக அறிதல்சார் தொழில் கோட்பாடு, ஒருவரின் ஆர்வம் 'என்னால் இயலும்' என்ற நம்பிக்கையை ஒட்டியே வளர்கிறது என்றும், அந்த நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று தானே செய்து முடித்த அனுபவம்தான் என்றும் கூறுகிறது. எனவே அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, திரை உருப்பெருக்கியையோ, கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) திரைவாசிப்பானையோ பயன்படுத்தி, தெரிந்த கடை ஒன்றின் ஒரு மாத வரவுசெலவை எக்செல்லில் அவரே முடிக்கட்டும். அதே பணியில் இருக்கும் பார்வையற்ற ஊழியர் ஒருவரிடம் பேசவைப்பதும் மிகவும் உதவும்.

பார்வைக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதெனில் மாற்றுத்திறனாளி சான்றிதழை இப்போதே பெற்றுவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் உரியது. தேர்வில் கூடுதல் நேரம் கோரவும் அச்சான்றிதழ் தேவைப்படும்.