டெல்லி நம்பர் பி.எம்.டபிள்யூ: வண்டிக்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு ஐரோப்பிய கார் வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. 2015 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, டீசல், டெல்லி பதிவு, எட்டரை லட்சத்துக்கு வருகிறது. மீட்டரில் 62,000 கி.மீ. காட்டுகிறது. "என்.ஓ.சி. ரெடி சார், ஒரு வருஷம் டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம், அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறார் புரோக்கர். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகுமா?

பதில்: இந்த ஆசையை நான் குறை சொல்லப் போவதில்லை. அந்த வண்டியின் கதவைச் சாத்தும்போது கேட்கும் கனமான சத்தமும், சேலம் சாலையில் நூறில் போகும்போதும் ஸ்டீயரிங் கையில் அசையாமல் நிற்பதும், மூன்று மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு வலிக்காத சீட்டும் அனுபவித்தவருக்குத்தான் தெரியும். எட்டரை லட்சத்துக்குப் புது வண்டி எதிலும் அது கிடைக்காது. வண்டி நல்ல வண்டி. ஆனால் நீங்கள் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை, புரோக்கர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்.

இவ்வளவு மலிவாக ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். டெல்லி வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த உத்தரவைச் சுற்றி இன்னும் வழக்கும் மாற்றமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. எப்படியானாலும், வயதாகும் டீசல் வண்டியை அங்கே யாரும் வைத்திருக்க விரும்புவதில்லை. அதனால் விலை சரிந்து, வண்டி தெற்கே வருகிறது. விலை குறைவு என்பதாலேயே வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

இப்போது அந்த "ஒரு வருஷம்". மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவில் 12 மாதம் என்று இருப்பது உண்மைதான். அது யாருக்கு? டெல்லியில் வேலை பார்த்தவர் மாற்றலாகி, தன் பெயரில் உள்ள தன் காரோடு இங்கே வருகிறார் என்று வையுங்கள். அவருடைய வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். வண்டி கைமாறவில்லை, ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் ஓட்டுபவரும் ஒருவரே. அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த அவகாசம். அதுவும் பதிவு எண்ணுக்கு மட்டும். சாலை வரி மாநிலத்தின் தனிச் சட்டம், இந்த 12 மாதக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் வண்டியை விலைக்கு வாங்குகிறவர். உங்களுக்கு 50-ஆவது பிரிவு. வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றலாகி வந்தவருக்கான சலுகையை விலைக்கு வாங்கியவருக்குச் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை. தயவுசெய்து இதில் ஏமாறாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களைக் கையெழுத்தோடும், ஒரு என்.ஓ.சி.யையும் (தடையின்மைச் சான்று) கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு புரோக்கர் போய்விடுவார். வண்டி உங்கள் வாசலில் நிற்கும், ஆர்.சி. யாரோ ஒரு டெல்லிக்காரர் பெயரில் இருக்கும். பாலிசியும் அவர் பெயரில்தான். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, பெருந்துறை அருகே நீங்கள் ஒரு லாரியின் பின்னால் மோதினால், ஹெட்லைட்டிலிருந்து டிக்கி வரை எல்லாம் உங்கள் கைக்காசு.

அடுத்தது வரி. வெளிமாநில வண்டிக்கு இங்கே ஆயுட்கால வரி கட்ட வேண்டும். வயதைப் பொறுத்துச் சதவீதம் குறையும். ஆனால் கணக்கு போடுவது நீங்கள் கொடுக்கும் எட்டரை லட்சத்தின் மேல் அல்ல, வண்டி புதிதாக விற்ற விலையின் மேல். புதிதில் முப்பது லட்சத்தைத் தாண்டிய வண்டி இது. வரியே லட்சங்களில் வரும். அதைப் புரோக்கர் வாயிலிருந்து கேட்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த மாடல், வருடம் சொல்லி நீங்களே கேளுங்கள்.

வண்டிப் பதிவுக்கு இப்போது கிட்டத்தட்ட நாடு முழுக்க அரசின் ஒரே கணினித் தளம், 'வாகன்'. வண்டி எண்ணைத் தட்டினால் வரலாறே வந்து நிற்கிறது. அப்படியிருந்தும் ஒரு மாநிலத்தில் கட்டிய வரியை இன்னொரு மாநிலம் ஏற்காது. மாற்றலாகி வந்தவர் இங்கே மறுபடியும் கட்டிவிட்டு, அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டு நிற்க வேண்டும். கணினியில் இருக்கும் தகவலுக்குக் காகிதத்தில் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தக் காகிதத்துக்காக ஒரு புரோக்கர், அவருக்கு அங்கே ஒரு புரோக்கர். இந்த ஓட்டையில்தான் இத்தனை பேர் பிழைக்கிறார்கள். இதை அடைக்க யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டியின் நிலையைப் பாருங்கள். என்.ஓ.சி. உங்கள் ஆர்.டி.ஓ. பெயருக்குத்தான் வந்திருக்கிறதா, வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்ற மூன்றும் முக்கியம்.

பேப்பர் சரி என்றால் வண்டிக்கு வருவோம். 62,000 என்ற எண்ணை நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் டாஷ்போர்டில் தெரிவதை மட்டும் குறைக்கிறார்கள். இந்த வண்டியில் ஓடிய தூரம் வேறு சில கணினிப் பெட்டிகளிலும் பதிவாகும். ஜெர்மன் வண்டிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மாட்டச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேறு படிந்த கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. பேட்டரி டிக்கியின் தரைமட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறிய வண்டியில் மின்கோளாறு ஒன்று தீர்ந்தால் இன்னொன்று முளைக்கும். அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

எஞ்சினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடுபண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் செயின் இதில் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. அங்கிருந்து உரசல் சத்தம் கேட்டால், செயினின் விலையை விட அதைத் தொடுவதற்காகப் பிரித்து மாட்டும் கூலியே அதிகம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்று சொல்லப்பட்ட வண்டி இது. ஆனால் அந்தக் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பழைய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெய்த் தொட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் பாகம், சேர்த்தே மாற்ற வேண்டும்.

செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்டீர்கள். வண்டி விலை, வரி இரண்டும் போக, முதல் வருடத்துக்கு இரண்டு லட்சம் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் ஆகும். முடியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். ஈரோட்டில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் போக வேண்டியிருக்கும். பாகத்துக்குச் சில நாள் காத்திருக்கவும் வேண்டும். கடைக்குத் தினசரி போய்வர வீட்டில் வேறு வண்டி இருக்கட்டும்.

புரோக்கரிடம் இரண்டு கேளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நீங்கள் நிறுத்தி வைக்க அவர் சம்மதிப்பதாக எழுதி வாங்குங்கள். நீங்கள் சொல்லும் இடத்துக்கு ஸ்கேன் பார்க்க வண்டி வர வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மறுத்தாலும் அந்தப் பத்தாயிரம் போகட்டும், விட்டுவிடுங்கள். இதே மாடல், தமிழ்நாட்டுப் பதிவில், ஒரே கையில் ஓடியது இன்னும் சில லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். வரியைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.