நெட்ஹேக்: டீமன்பேன் வாள் இம்ப்களிடம் இரட்டைச் சேதம் தராதது ஏன்?

நெட்ஹேக் கணினி விளையாட்டில் வரும் டீமன்பேன் என்ற மந்திர வாளில் கோளாறு இல்லை. 3.6 பதிப்பில் அது, ஆட்டத்தின் உள்கணக்கில் ‘பேய்’ என்ற குறி உள்ள அரக்கர்களுக்கு மட்டும்தான் கூடுதலாக வெட்டும். நீங்கள் அடித்துப் பார்த்த இம்ப்புக்கு அந்தக் குறி கிடையாது. அதனிடம் இது வெறும் நீள்வாள்தான்.

குழப்பத்துக்குக் காரணம், இம்ப்பைச் சிறு பேய் வகையில் ஆட்டமே சேர்த்திருப்பதுதான். பெயரில் பேய், கணக்கில் இல்லை. பேய்களுக்கான & சின்னத்தில் வரும் ஜின்னியும் அப்படியே, அதற்கும் பலிக்காது.

சோதிக்க, அரைப்புள்ளி விசையை அழுத்தி எதிரி யாரென்று பாருங்கள். சக்யூபஸ், பால்ராக் போன்ற குறியுள்ள பேய்கள் வந்தால் அடியுங்கள். அடி தவறாமல் படுவதற்கான கணக்கில் 1 முதல் 5 வரை கூடும், சேதம் இரட்டிக்கும். ஆனால் திரையில் தனிச்செய்தி எதுவும் வராது, எத்தனை அடியில் விழுகிறது என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: இரட்டிப்பது வாளின் சேதமும் அதன் மந்திரக் கூட்டலும் மட்டுமே. உடல்வலிமை தரும் கூடுதல் இரட்டிக்காது.

அப்புறம், இம்ப்தான் தொல்லை என்றால் வெள்ளி வாளை எடுங்கள். வெள்ளி பட்டால் இம்ப்புக்கும் பேய்க்கும் 20 வரை கூடுதல் சேதம். இம்ப் வகையிலேயே வரும் டெங்குவுக்கு மட்டும் வெள்ளி உறைக்காது. என்னைக் கேட்டால் டீமன்பேனைவிட அதுதான் கைகொடுக்கும்.