மெர்ல் ஓபரான் தன் இந்தியப் பிறப்பை மறைத்தது வெட்கத்தாலா?

மெர்ல் ஓபரான் 1930-களில் புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகை. கேள்வியில் "வெட்கம்" என்ற சொல்லைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். 2023-ல் மிஷெல் யோ ஆஸ்கர் வாங்கியபோது, சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆசிய வேருள்ள முதல் பெண் யார் என்று ஒரு பேச்சு எழுந்ததே, அதில்தான் நீங்களும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பரிந்துரை 1935-ல் வந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக. விருது பெட்டி டேவிஸுக்குப் போனது.

மெர்ல் பிறந்தது 1911 பிப்ரவரியில், பம்பாயில். வீட்டில் கூப்பிட்ட பெயர் குவீனி. தந்தை ஆங்கிலேயர், முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்துவிட்டார். வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கையில் பிறந்த யூரேசியப் பெண், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சம். 1917-ல் இருவரும் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும், கலப்புப் பிறப்பைச் சொல்லி மற்ற பிள்ளைகள் குத்திக் காட்டியதால் படிப்பை விட்டார். பிறகு தொலைபேசி ஆபரேட்டர் வேலை, அமெச்சூர் நாடகக் குழு, பிரான்ஸ், லண்டன். இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டா 1933-ல் மன்னர் எட்டாம் ஹென்றி பற்றிய படத்தில் அவர் மனைவி ஆன் பொலின் வேடம் கொடுத்தார். திரையில் சில நிமிடங்கள்தான், ஆனால் கவனிக்கப்பட்டார். பிறந்த ஊர் டாஸ்மேனியா என்ற கதை விளம்பரத்துக்காகக் கட்டப்பட்டது. வெள்ளையர் குடியேற்றம், பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருப்பது, போய் விசாரிக்க முடியாத தொலைவு. மூன்றும் அதில் பொருந்தின.

இனி வெட்கத்துக்கு வருவோம். அன்றைய சட்டத்தைப் பாருங்கள். 1923-ல், அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர் "வெள்ளையர்" ஆகமாட்டார், குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 வரை அதுதான் நிலை. 1934 முதல் கறாராக அமலான திரைத் தணிக்கை விதி வெள்ளையர்-கறுப்பர் காதலைத் தடை செய்தது. ஆசியர் விஷயத்திலும் ஸ்டுடியோக்கள் அதே பயத்தோடுதான் நடந்துகொண்டன. லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங்குக்கு, 'தி குட் எர்த்' படத்தின் சீனத்து நாயகி வேடம்கூடக் கிடைக்கவில்லை. அதில் நடித்த வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரைனர் ஆஸ்கர் வாங்கினார். இந்த நிலையில் உண்மையைச் சொல்லியிருந்தால் மெர்லுக்கு நாயகி வேடம் எங்கிருந்து வரும்? சார்லட்டை விருந்தினர் முன் வேலைக்காரியாகக் காட்டியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது கொடுமைதான். அந்தக் கொடுமையில் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்கிறேன்.

அடுத்து, மெர்ல் ஓபரானின் பெயரால் அழைக்கப்படும், கேமராவில் மாட்டும் அந்த 'ஒபி' விளக்கு. நிறத்தை வெளுக்கவே கண்டுபிடித்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். 1937-ல் லண்டனில் நடந்த கார் விபத்தில் முகத்தில் விழுந்த தழும்புதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. செய்தவர் ஒளிப்பதிவாளர் லூசியன் பாலார்ட், பின்னாளில் மெர்லின் கணவர். தழும்பு கண்ணில் படுவதே அதன் நிழலால்தான். பக்கவாட்டில் விளக்கு வைத்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் காட்டும். லென்ஸை ஒட்டியே ஒரு சிறு விளக்கை மாட்டினால் நிழல் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கேமரா அதைப் பார்க்காது. ஆனால் அளவு தப்பக் கூடாது. நடிகை கேமராவை நோக்கி நடந்து தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதனால் நடக்க நடக்கக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கூடினால் கன்ன எலும்பும் மூக்கும் அமுங்கி முகம் தட்டையாகிவிடும். நேர் பின்னால் நிலைக்கண்ணாடி இருந்தால் விளக்கே அதில் தெரியும். சரியாக அமைந்ததா என்று கருவிழியைப் பார்த்தால் போதும், நடுவில் ஒரு புள்ளி மின்னும். முன்னாலிருந்து விழும் வெளிச்சம் நிறத்தையும் சற்று வெளிறச் செய்யும் என்பதை மறுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெர்ல் 1979-ல் இறந்தார், பம்பாய் விவரம் 1983-ல்தான் வெளியே வந்தது. அக்கா என்று சொல்லப்பட்ட கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய் என்பது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. சார்லட் உண்மையில் பாட்டி. பிரசவத்தின்போது கான்ஸ்டன்ஸுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. அதைக் "குடும்ப ரகசியம்", "கள்ள உறவு" என்று சுவையாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அவள் ஒரு குழந்தை.