தமிழ்நாடு கேட்டால் தெலங்கானா வருகிறதே!

கேள்வி: எங்கள் பில்லிங் படிவத்தில் மாநில டிராப்டவுனை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் தேர்வு செய்கிறேன். 'செலக்டட்இண்டெக்ஸ்' (பட்டியலில் வரியின் இட எண்) 31 என்று கொடுத்தால் தமிழ்நாடு வந்துகொண்டிருந்தது. போன வாரம் படிவத்தைப் புதுப்பித்தார்கள். இப்போது தெலங்கானா வருகிறது. 'வேல்யூ' (ஒவ்வொரு வரிக்கும் உள்ள குறியீடு) கொடுத்து மாற்றினால் மாநிலம் சரியாகிவிடுகிறது, ஆனால் மாவட்டப் பட்டியல் காலியாகவே கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: பட்டியலின் தலையில் இருந்த "மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற வரியை எடுத்திருப்பார்கள். இண்டெக்ஸ் 0-வில் தொடங்கும். அந்த வரி 0-வில் இருந்தவரை, மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களும் சேர்ந்த ஆங்கில அகரவரிசையில் 31-ஆவதாக வரும் தமிழ்நாட்டுக்கு 31 பொருந்தியது. இப்போது அதே எண் அடுத்த மாநிலத்தில் போய் நிற்கிறது.

அந்த வரியைத் தொடாமல் விட்டாலும் இண்டெக்ஸை நம்ப முடியாது. 2019 அக்டோபரில் லடாக் தனி ஒன்றியப் பிரதேசமானபோது தமிழ்நாடு ஓர் இடம் கீழே போனது. 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றானதும் பழைய இடத்துக்கே திரும்பியது. மூன்றே மாதத்தில் இத்தனை ஆட்டம்!

வேல்யூதான் சரியான வழி. பில்லிங் படிவம் என்பதால் அதில் ஜிஎஸ்டி மாநில எண்கள் இருக்கலாம்: தமிழ்நாட்டுக்கு 33, தெலங்கானாவுக்கு 36. இங்கே ஒரு பள்ளம் உண்டு. வேல்யூ எப்போதும் எழுத்துச் சரம்தான்; எண் போலத் தெரிந்தாலும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். டெல்லியின் எண் 07. நீங்கள் வெறும் 7 என்று கொடுத்தால் எந்த ஆப்ஷனும் (பட்டியல் வரியும்) பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. பெட்டி வெறுமையாகும், செலக்டட்இண்டெக்ஸ் -1 ஆகும், அவ்வளவுதான். அதனால் வேல்யூ கொடுத்த கையோடு -1 வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, மாவட்டம் ஏன் வரவில்லை? ஆள் கையால் தேர்ந்தெடுக்கும்போது பிரவுசர் 'சேஞ்ச்' ஈவென்ட்டை (தேர்வு மாறியது என்ற அறிவிப்பை) எழுப்புகிறது. கோடு மூலம் வேல்யூவை மாற்றினால் எழுப்பாது. மாவட்டங்களை வரவழைக்கும் ஃபங்ஷன் அந்த ஈவென்ட்டுக்காகத்தான் காத்திருக்கிறது. வேல்யூ கொடுத்த அடுத்த வரியிலேயே 'டிஸ்பேட்ச்ஈவென்ட்' மூலம் ஒரு சேஞ்ச் ஈவென்ட்டை நீங்களே அனுப்புங்கள். அது மேல் அடுக்குகளுக்கும் ஏறிப் போக 'பபுள்ஸ்' ட்ரூ என்று வையுங்கள். படிவத்தின் மேல் அடுக்கில் ஏதாவது ஃபங்ஷன் அதற்காகக் காத்திருக்கலாம்.

அப்புறம், மாவட்டங்கள் சர்வரிலிருந்து வருகின்றன என்றால் உடனே மதுரையைத் தேர்வு செய்யப் போகாதீர்கள். அந்த நொடியில் பட்டியலில் மதுரையே இருக்காது. ஆப்ஷன்கள் வந்து சேர்ந்த பிறகு கொடுங்கள்.