சொல்லும் பொருளும்: குடியானவர் என்பவர் யார்?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அரை ஏக்கர் நிலத்தையும் ஒரு ஜோடி மாட்டையும் வைத்துக்கொண்டு பிழைக்கும் ஒருவரைப் பள்ளிக் கட்டுரையில் ‘ஏழைக் குடியானவன்’ என்று எழுதியிருந்தாள். அவருடைய வயலுக்குக் கூலிக்கு வருபவரையும் அதே சொல்லால்தான் குறித்திருந்தாள். ஆசிரியர் இரண்டையும் அடித்து ‘விவசாயி’ என்று திருத்தியதோடு, குடியானவன் என்றாலே ஏழை என்றுதான் பொருள், அது மரியாதையில்லாத சொல் என்றும் சொன்னாராம். அப்படித்தானா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அப்படியில்லை. குடியானவன் என்ற சொல்லில் வறுமையும் இல்லை, இழிவும் இல்லை. ‘ன்’ விகுதி ஒருமையாக ஒலிப்பதால் மரியாதைக் குறைவாகத் தோன்றினால், ‘குடியானவர்’ என்று எழுதினால் போதும்; சொல்லையே தள்ளிவிட வேண்டியதில்லை.

குடி என்பதற்குக் குடும்பம், குலம், குடியிருப்பு என்ற பொருள்களோடு, ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என்ற பொருளும் உண்டு. ‘வானோக்கி வாழும் உலகெல்லாம் மன்னவன் கோல்நோக்கி வாழும் குடி’ என்ற குறளில் (542) வருவது இந்தக் கடைசிப் பொருள்தான். ஓர் ஊரில் நிலைத்துக் குடியிருந்து, நிலத்தைப் பயிரிட்டு, அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ உரியதைச் செலுத்தியவர் குடியானவர். அவர் ஏழையாகவும் இருக்கலாம், வசதியுள்ளவராகவும் இருக்கலாம். ஆகவே ‘ஏழைக் குடியானவர்’ என்பதில் ‘ஏழை’ என்ற அடை வீணாக வந்ததன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய முறைக்கு ரயத்துவாரி என்று பெயர்; அதிலுள்ள ‘ரயத்து’ என்ற சொல்லும் இதே வழியில் வந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். அரபு மூலத்தில் அது மேய்க்கப்படும் மந்தையைக் குறித்தது; பின்னர் ஆளப்படும் மக்களைக் குறித்து, இந்தியாவுக்கு வந்து உழவரைக் குறிக்கலாயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. நம்மிடம் குடியானவர் ஏற்கெனவே இருந்ததாலோ என்னவோ, ரயத்து பத்திரங்களோடு நின்றுவிட்டது. விளைச்சலில் உழுதவருக்குரிய பங்கைக் ‘குடிவாரம்’ என்றும், மேலே உள்ளவருக்குரியதை ‘மேல்வாரம்’ என்றும் பழைய பத்திரங்கள் பிரித்துச் சொல்வதை நீங்களும் பார்த்திருக்கக்கூடும்.

இனி, உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். தஞ்சைப் பகுதியின் பழைய ஊர்களில் அக்கிரகாரம், குடியானத்தெரு, சேரி என்று குடியிருப்புகள் தனித்தனியாக இருந்தன. வயலில் மிகக் கடுமையாக உழைத்தவர்கள் வாழ்ந்தது சேரியில்; ஆனால் ‘குடியானவர்’ என்ற பெயர் அவர்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் பண்ணையாள், கூலியை நெல்லாக அளந்து வாங்கியதால் படியாள் என்ற பெயரும் உண்டு. என் தாயாரின் ஊரில், சிறுவனாகக் களத்து மேட்டில் உட்கார்ந்து நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். நிலக்காரர் பங்கு மூட்டையாகி வண்டியேறும்; அடுத்துக் குடியானவர் பங்கு. கதிர் அறுத்துச் சுமந்து அடித்தவர்கள், துண்டை விரித்தபடி கடைசிவரை காத்திருப்பார்கள். களத்தைக் கூட்டி அள்ளிய மண் கலந்த நெல்லும் அவர்கள் கணக்கில்தான் சேரும். அந்தக் களத்தில் யார் குடியானவர், யார் இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இவ்விருவரும் வேறு வேறானவர்கள் என்பதால்தான், 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்காக வந்த பாதுகாப்புச் சட்டமும் குத்தகைதாரர், பண்ணையாள் என்று இருவரையும் தன் பெயரிலேயே தனித்தனியாகச் சொன்னது.

கொங்குப் பகுதியில் இச்சொல் இன்னும் குறுகி, நிலமுள்ள ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரையே சுட்டுவதுண்டு. ஆகையால் எந்த வட்டாரத்துக் கதையை எழுதுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் எழுதிய ‘விவசாயி’ பிழையில்லை. முயற்சி, தொழில் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்து, தமிழில் பயிர்த்தொழிலோடு சுருங்கிய சொல் அது. மலையாளத்தில் அதே வடசொல் இன்று ஆலைத்தொழிலைக் குறிக்கிறது. ஆனால் நூறு ஏக்கர் உள்ளவரும் விவசாயி, அரை ஏக்கர் உள்ளவரும் விவசாயி என்பதால், அளவு தெரிய வேண்டிய இடத்தில் அச்சொல் மட்டும் போதாது. அதற்காகவே அரசுக் கணக்கில் 1 ஹெக்டேருக்குக் குறைவாக உள்ளவர் குறு விவசாயி, 1 முதல் 2 ஹெக்டேர் வரை உள்ளவர் சிறு விவசாயி என்று பிரிக்கிறார்கள். சான்றிதழுக்கு அது பொருந்தும். கதைக்கும் கட்டுரைக்கும் ‘ஏழைக் குடியானவர்’ என்பதில் உள்ள உயிர் அதில் இல்லை.

உங்கள் மகள் முதலில் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டியது இரண்டாவது இடம்தான்: கூலிக்கு வருபவரை ‘விவசாயத் தொழிலாளி’ என்று எழுதச் சொல்லுங்கள்.