எட்டாம் மாதத்தில் இடுப்பு வலி: எந்தப் பயிற்சி செய்யலாம்?

எட்டாம் மாதம், மாலையானால் இடுப்பு கழன்று விழுவதுபோல் வலி, உடற்பயிற்சி செய்தால் குழந்தைக்கு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நஞ்சுக்கொடி இறக்கம் (நஞ்சு கர்ப்பப்பை வாய்ப் பக்கம் தாழ்ந்திருப்பது), முன்பு இரத்தக்கசிவு, கர்ப்பப்பை வாயில் தையல் என்று ஏதாவது சிக்கல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வயிறு முன்னே தள்ளத் தள்ள, உடம்பு பின்னால் சாய்ந்து ஈடுகொடுக்கிறது. கீழ்முதுகின் குழிவு கூடி, அங்குள்ள தசைகள் நாள் முழுக்க இறுகியே கிடக்கின்றன. அந்தக் குழிவைக் கொஞ்ச நேரமாவது நிமிர்த்தினால் வலி தணியும்.

மடித்த போர்வைமேல் முட்டி போட்டு, கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர்கீழே, முட்டி இடுப்புக்கு நேர்கீழே. மூச்சை விட்டபடி வால் எலும்பை உள்ளிழுத்து முதுகை மேலே வளையுங்கள். 5 வினாடி இருந்து, மூச்சை இழுத்தபடி இறக்குங்கள். முதுகு பலகைபோல் நேரானதும் இறக்குவதை நிறுத்திவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: வயிற்றின் கனத்துக்கு இடுப்பைத் தொங்கவிட்டால், வலியைக் கொண்டுவந்த அதே குழிவு இன்னும் ஆழமாகும். காலையும் மாலையும் 8 முதல் 10 முறை போதும். மணிக்கட்டு மரத்துப்போனால் முன்கைகளைக் கட்டில்மேல் வைத்துச் செய்யுங்கள்.

அடுப்படியில் நிற்கும்போதே செய்ய ஒன்று: சுவரில் சாய்ந்து, குதிகாலை ஒரு சாண் முன்னே வைத்து, முட்டியைச் சற்றே மடக்குங்கள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் சந்து இருக்கும். மூச்சை விட்டபடி அந்தச் சந்தை மூடுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

மல்லாந்து படுத்துச் செய்பவை இப்போது வேண்டாம். கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். ஒருக்களித்தே தூங்குங்கள், கால்களுக்கு நடுவே முட்டியிலிருந்து கணுக்கால்வரை தலையணை. எழும்போது முட்டிகளை ஒட்டிவைத்துப் புரண்டு, கையை ஊன்றுங்கள்.

பிட்டத்துக்கு மேல் ஒரே பக்கமோ, முன்புற இடுப்பெலும்பிலோ, படியேறும்போதும் புரளும்போதும் சுரீரென்றால் அது இடுப்பெலும்பு மூட்டுகளின் வலியாக இருக்கலாம். அப்போது ஒற்றைக்காலில் நிற்காதீர்கள், உள்பாவாடையைக்கூட உட்கார்ந்தே அணியுங்கள். மூத்த குழந்தையை இடுப்பில் தூக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது.

வலி விட்டுவிட்டு, சீரான இடைவெளியில் வந்தால் பிரசவ வலியாக இருக்கலாம். 37 வாரத்துக்கு முன் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நீர்க்கசிவு, இரத்தம், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, கால் மரத்தல், சிறுநீரை அடக்க முடியாமை, குழந்தையின் அசைவு குறைதல், எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.