சொன்னதையே திருப்பிச் சொன்னால்: வாசகர் கேள்விகளுக்குப் பேச்சுச் சிகிச்சையாளரின் பதில்கள்

மகனுக்கு 4 வயது. "தண்ணி வேணுமா மகன்?" என்று கேட்டால், அவரும் "தண்ணி வேணுமா மகன்?" என்கிறார். பகிடி பண்ணுகிறார், கண்டித்து வையுங்கள் என்கிறார்கள் வீட்டில். கண்டிக்கவா?
(ஒரு தாய், காத்தான்குடி)

வேண்டாம் சகோதரி. பெரும்பாலும் அவர் 'ஓம்' என்றுதான் சொல்கிறார். 1943இல் பிள்ளைகளுக்கான மனநல வைத்தியர் லியோ கானர், ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) பற்றி எழுதிய கட்டுரையில் 11 பிள்ளைகளை விவரித்தார். பேசக்கூடியவர்களிடம் இதே பழக்கத்தைக் கண்டார்: கேள்வியைத் திருப்பிச் சொல்வதே அவர்களுடைய சம்மதம். வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்க இன்னும் வராததால், முழுதாகவே பிடித்துக்கொள்கிறார்கள். 'மகன்' என்பதும் கூடவே ஒட்டி வருவது அதனால்தான்.

கேள்வி கேட்பதைக் குறையுங்கள். கோப்பையைக் காட்டி, அவர் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே நீங்கள் சொல்லுங்கள்: "உம்மா, தண்ணி தாங்க." சொன்ன கையோடு தண்ணீரைக் கொடுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது சரியான வாக்கியமே வாயில் வரும். "வடிவாச் சொல்லு, அப்பதான் தருவேன்" என்று தாகத்தில் நிற்கும் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

இரண்டரை வயது வரை பிள்ளைகள் இப்படித் திருப்பிச் சொல்லிப் பழகுவது வழக்கம்தான். 3 வயது தாண்டியும் பேச்சில் பெரும்பகுதி இதுவாகவே இருந்தால் காட்ட வேண்டும். உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் சொல்லி, பிள்ளை வைத்திய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு பிந்தினால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

என் முன்பள்ளியில் ஒரு பிள்ளை, சம்பந்தமே இல்லாமல் "கிட்டப் போகாத, சுட்டிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பக்கத்தில் அடுப்பும் இல்லை.
(ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

எப்போது சொல்கிறாள் என்று ஒரு கிழமை குறித்து வையுங்கள். மேளச் சத்தம் கேட்கும்போதா, புது ஆள் உள்ளே வரும்போதா? என்றோ வீட்டில் பயந்த நேரத்தில் காதில் விழுந்த வாக்கியம் அந்தப் பயத்தோடேயே பதிந்திருக்கலாம். இப்போது பயம் வந்தால் வாக்கியமும் வருகிறது. முதன்முதலில் எங்கே கேட்டாள் என்று அம்மாவிடம் விசாரியுங்கள். பொருள் பிடிபட்டதும், "எனக்குப் பயமா இருக்கு" என்று அவளுக்காக நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

இப்படித் திருப்பிச் சொல்லும் பழக்கம், வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசுவதால் வருமா?
(அம்பாறை)

வராது. வீட்டு மொழியை விட்டுவிடாதீர்கள்.

14 வயது மகன், ஆட்கள் பேசும் கடைசிச் சொல்லை உடனே சொல்லிவிடுகிறான். கண் சிமிட்டல், தோள் குலுக்கலும் உண்டு. நூல் கட்டியும் பார்த்தோம்.
(திருக்கோவில்)

1885இல் பிரெஞ்சு வைத்தியர் ஜில் டி லா டூரெட் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நரம்புக் கோளாறாக இருக்கலாம். கொஞ்ச நேரம் அடக்குவான், அப்புறம் தன்னாலேயே வந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. வகுப்பாசிரியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்று அடி வாங்குவான். நூல் கட்டியது கையில் இருக்கட்டும். ஆனால் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுவதைப் பிந்தவிடாதீர்கள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து 2 மாதம். "சாப்பிட்டீங்களா?" என்றால் "சாப்பிட்டீங்களா" என்கிறார். தானாக ஒரு சொல்லும் இல்லை.
(கல்முனை)

கேட்டதை வாய்க்குக் கொண்டுபோகும் மூளைப் பாதை சேதமில்லாமல் தப்பி, பொருள் விளங்கும் பகுதியோடும் சொல் உருவாகும் பகுதியோடும் இருந்த தொடர்பு அறுந்தால் இப்படி ஆகும். அவர் தெளிவாகத் திருப்பிச் சொல்வதால் எல்லாம் விளங்குகிறது என்று எண்ண வேண்டாம். சோற்றையும் இடியப்பத்தையும் முன்னால் வைத்து, கையால் காட்ட விடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பேச்சுச் சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் திடீரென்று இப்படி மாறினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.